சுண்ணாம்பு டப்பியில் போட்ட மருந்து

கந்தப்பளை,
கீழ் டிவிஷன்,
புதன்கிழமை.

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி கஜேந்திரனும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் கத்தார் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறேன் என்று உன் கையால் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரி. நீ போனில் பேசுவதே ஐந்து நிமிஷம், அதில் மூன்று நிமிஷம் உன் அப்பா சிக்னல் தேடிக்கொண்டு வாசலுக்கும் தண்ணி பிடிக்கிற பீலிக்கும் நடந்தே தீர்த்துவிடுவார், மிச்சம் இரண்டு நிமிஷத்தில் நான் என்னத்தைச் சொல்ல. பார்மசி வைத்திருக்கிற பாவா நானாவின் மகன் ரிஃகான் வெள்ளிக்கிழமை உன் ஊருக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதையும் இரண்டு பைக்கட்டு தேயிலையும் கொடுத்தனுப்புகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது, இரண்டு நாளாக அடுப்படியில் நின்றுகொண்டு தனியாகச் சிரிக்கிறேன் என்று உன் அப்பா கேலி செய்கிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. நான் வரிசையாகத்தான் சொல்வேன்.

நம் தோட்டத்தில் முதல் தடவையாகப் பொம்பளைக் கங்காணி போடப் போகிறார்கள் என்று போன மாசம் சொன்னேன் அல்லவா, அந்த விஷயம்தான். சின்னத் துரை இரண்டு பேரின் பெயரை எடுத்திருந்தார். ஒன்று என் பெயர், இன்னொன்று நீ அத்தை அத்தை என்று பின்னாலேயே சுற்றுவாயே, அந்தக் காளியாயியின் பெயர். இருபது வருஷமாக என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிறவள், அவளோடு போட்டி என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மகளே, உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. முப்பத்தி நாலு வருஷம் ஆம்பிளைக் கங்காணிமார் கையைத் தட்டித் தட்டி விரட்டியதைக் கேட்ட காது இது. ஒரு நாளாவது நான் நின்று சொல்லி, நாலு பேர் கேட்க வேண்டும் என்று இருந்தது. சின்னத் துரையோ காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி, கீழ் ரோட்டுல இருந்து மேல் மலை வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி இறங்கணும், கால் சரியில்லாத ஆள் இப்பவே சொல்லிடுங்க என்று அவருடைய தமிழில் சொல்லிவிட்டார். நான் வாயையே திறக்கவில்லை. என் இரண்டு முழங்காலும் ஒன்றரை வருஷமாக என்ன பாடு படுத்துகிறது என்று உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ அனுப்பிய மருந்து வந்தது. பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் அரபி, உள்ளே மடித்து மடித்து வைத்த காகிதம், கோடு போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை. காகிதத்தை வைத்து அடுப்புப் பற்ற வைத்தேன். திட்டாதே, இன்னும் கேள். அட்டை ரொட்டி மாவு சுரண்ட நன்றாக இருந்தது. டியூபைக் கையில் வைத்திருந்தால் யாராவது கேட்பார்களே, உடனே பூங்காவனத்துக்குக் கால் வலி என்று நம் லயத்து வீடுகள் முழுக்கப் போய்விடுமே, அதனால் உள்ளே இருந்த வெள்ளை மருந்து முழுவதையும் பழைய சுண்ணாம்பு டப்பியில் பிதுக்கி எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். வெறும் டியூபை உன் அப்பாவிடம் கொடுத்து எங்கேயாவது எறிந்துவிடச் சொன்னேன். என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் போ.

பூசிய அழகையும் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு அப்பு, மேலேயே படங்கை இறுக்கிக் கட்டிக்கொள்வேன். மழைக்கும் தேயிலைக் குச்சிக்கும் இடுப்பிலிருந்து கட்டுகிற அந்த பிளாஸ்டிக் படங்கு முழங்காலைத் தாண்டித் தொங்கும், உனக்குத் தெரியாததா. உள்ளே வெந்நீரில் வைத்த மாதிரி சுடும். சுட்டால் மருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். மலையில் வலித்தால் மறைவாக ஒரு அப்பு, தேத்தண்ணி நேரத்தில் ஒரு அப்பு. அட்டை கடித்து ரத்தம் வருகிற இடத்திலும் அப்பு. சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சூடான துணியால் ஒத்தடம். அது போதாது என்று, டவுனுக்குப் போகிறவர்களிடம் சொல்லி வலிக்குளிசை வாங்கி அதையும் காலையும் மாலையும் போட்டேன். பத்து நாளில் முழங்காலைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது, வயிறு காந்த ஆரம்பித்தது. வயிறு காந்துவதற்கும் காலில் பூசுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்தேன். மிளகாயைக் குறைத்துச் சமைத்துப் பார்த்தேன், உன் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன், இன்றைக்கு மூன்று கிழமை இருக்கும். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் கல்லடியில் உட்கார்ந்தோம். நல்ல மழை. நான் சுருக்குப் பையைக் கல் மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனேன். காளியாயி வெற்றிலையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சுண்ணாம்பு தீர்ந்திருக்கிறது. நம்மிடத்தில் சுண்ணாம்புக்கு யார் யாரிடம் கேட்கிறார்கள், பக்கத்திலிருக்கிற பையில் கையை விடுவதுதானே. அவளும் என் பையில் கையை விட்டு டப்பியை எடுத்து விரலால் வழித்து வெற்றிலையில் தடவி மடித்து வாயில் போட்டுவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கும்போது மென்றுகொண்டிருக்கிறாள். மதினி துப்புங்க, துப்புங்க என்று நான் கத்திய கத்தலில் கொழுந்துக் கூடை எல்லாம் உருண்டது. அவள் துப்பினாள், கசக்குது மதினி, நாக்கு ஒரு மாதிரி வருது, என்னா போட்டீங்க இதுல என்று கேட்டாள். நான் டப்பியைப் பிடுங்கி மூடினேன். அதற்குள் மேல் லயத்து வீரய்யாவின் பெண்சாதி, கங்காணி வேலைக்காகச் சுண்ணாம்புல விஷம் வச்சுட்டா பாருங்கடி என்று ஒரு வார்த்தை விட்டாள். ஐயோ சுலக்ஷனா, அந்த ஒரு வார்த்தை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். காளியாயியும் என்னைப் பார்க்கிறாள்.

வாயைக் கொப்பளிக்க வைத்து அவளைக் கைத்தாங்கலாக ரோட்டுக்கு இறக்கினோம். சிவசாமியின் த்ரீவீல் நின்றது. என்ன மருந்து என்று ஆஸ்பத்திரியில் கேட்பாங்களே, அது என்னா மருந்துன்னு சொல்லுங்க என்று சிவசாமி கேட்கிறான், எனக்குப் பெயர் தெரியாது, மகள் அனுப்பினது, கால் வலி மருந்து என்று மட்டும்தான் தெரியும். டப்பியில் என்ன எழுதியிருக்கும், ஒன்றும் இல்லை. அப்போதுதான் டியூப் ஞாபகம் வந்தது. லயத்து வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளே ஓடினேன். அந்த முழங்காலோடு எப்படி ஓடினேன் என்று கேட்காதே. எறிந்துவிடச் சொன்னதை உன் அப்பா எறியவில்லை, எதையும் எறிய மாட்டாரே மனுஷன், வெட்டித் தட்டையாக்கிச் சன்னல் இடுக்கில் காற்று வராமல் ஆணி வைத்து அடித்திருந்தார். நான் பிய்த்து எடுக்க, அவர் என்னாடி பைத்தியம் பிடிச்சிருச்சா என்று கேட்க, பதில் சொல்ல நேரமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். இங்கிலீஷ் எழுத்து இருந்த பக்கம் ஆணியிலும் துருவிலும் போய்விட்டது. அரபி எழுத்துத்தான் மிச்சம்.

வழியில்தான் பாவா நானாவின் கடை. பாய்ந்து இறங்கினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அல்லாவே இது மருந்து பேரை அப்படியே அரபி எழுத்துல எழுதியிருக்கான் என்று சொல்லி, ஓதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். டி, க்லோ, ஃபீ, நாக். வாசித்துவிட்டு அவரே துள்ளிவிட்டார். தங்கச்சி, டைக்ளோஃபெனாக், வலிக்கும் வீக்கத்துக்கும் பூசுற ஜெல், விஷம் கிஷம் ஒண்ணும் இல்ல, ஆனா வாயில போடுற சாமான் இல்ல, உடனே கொண்டு போங்க என்று மருந்தின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். மேலே பெரிசாகப் போடுவது கம்பெனி வைக்கிற பெயர், அது நாட்டுக்கு நாடு மாறும், அதுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர், அதைத்தான் பார்க்கணும் என்றும் சொன்னார். வேற என்ன மருந்து நீங்க போடுறீங்க என்று கேட்டபோது நான் குளிசை அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிலும் அதே பெயர். ஒரே மருந்தைக் காலிலும் பூசி வயித்துலயும் போட்டிருக்கீங்களே என்று அவர் ஏசிய ஏச்சு, என் அண்ணன் இருந்தால் ஏசுகிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெயரைச் சொன்னதும் சிங்கள டாக்டர் நோனா பதறாமல் பார்த்தார். காளியாயி துப்பியது போக உள்ளே போனது கொஞ்சம்தான், ஆனால் அவள் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவள் என்பதால் சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நாலு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்று பணிஸ் கேட்டாள், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அதே டாக்டர் நோனா என் முழங்காலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸைத் தமிழில் சொல்ல வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். முதலில் என் பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்தார். குளிசையை நிறுத்தச் சொன்னார், தோல் ஆறும்வரை ஜெல்லும் வேண்டாம் என்றார், ஆறியதும் புது டியூப் எழுதிக் கொடுத்தார். அந்தப் பிளாஸ்டிக் அட்டை எதற்கு என்று இப்போது தெரிந்துகொண்டேன் மகளே, அதில் கோடு போட்டிருக்கிற நீளத்துக்குப் பிதுக்கினால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவை அளவு. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. மெல்லத் தடவிப் பத்து நிமிஷம் காய விட வேண்டும், அதற்குப் பிறகுதான் துணி. படங்கு, பொலித்தீன் எதையும் மேலே இறுக்கிக் கட்டினால் தோல் வெந்து மருந்தும் அளவுக்கு மிஞ்சி உள்ளே போகும். ஒத்தடமும் வேண்டாம், அட்டை கடித்த புண்ணிலும் வேண்டாம், பூசிய உடனே குளிப்பும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும், வெற்றிலையைத் தொட வேண்டும் என்று மிஸ் சொன்னபோது காளியாயி கட்டிலில் இருந்தபடியே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, நாளைக்குப் பெரட்டில் என்ன நடக்கப் போகிறது என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் நினைத்த மாதிரியே, காலையில் எனக்கு முன்னால் விஷக் கதை பெரட்டுக்குப் போய்விட்டது. சின்னத் துரை என்னைக் கூப்பிட்டார். பொய் சொல்லலாம், சுண்ணாம்பு கெட்டுப்போச்சு என்று சொன்னால் முடிந்துவிடும், காளியாயியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் முந்தின நாள் அவள் பார்த்த பார்வை எனக்குப் போதும். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். தொர, எனக்கு ரெண்டு முழங்காலும் ஒன்றரை வருஷமா வலிக்குது. நீங்க வேலைக்கு எடுக்க மாட்டீங்கன்னு மறைச்சேன். மறைக்கத்தான் மருந்தச் சுண்ணாம்பு டப்பியில போட்டேன். காளியாயிக்கு நடந்தது என்னோட தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வரவில்லை, சொல்லி முடித்ததும் வந்தது. சின்னத் துரை தலையாட்டிவிட்டு, சரி, அப்ப காளியாயிதான் கங்காணி என்றார். நியாயம்தானே. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இப்போது கேள். காளியாயி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு வேணாம் தொர என்றாள். அவளுடைய வலது கட்டை விரலை நீட்டிக் காட்டினாள், அடி மூட்டு வீங்கிப் புடைத்திருக்கிறது. இருபது வருஷம் பக்கத்து நிரையில் நின்ற எனக்கே அது தெரியாது. நானும் மறைச்சேன் தொர, இங்க யாருதான் மறைக்கல, வலிக்குதுன்னு சொன்னா பேரு போயிரும்னு வாய மூடிக்கிட்டுத்தான நிக்கிறோம், இத்தன பேரு முன்னாடி எனக்கு வலிக்குதுன்னு சொன்னவளுக்குத்தான் நாளைக்கு எங்களுக்கு வலிச்சாத் தெரியும், அவளையே போடுங்க என்றாள். பிறகு பழனியாண்டியின் அம்மா தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு எனக்கும் தொர என்றது. அப்புறம் ஒருத்தி மணிக்கட்டைக் காட்டினாள், ஒருத்தி முழங்காலை. விஷம் வைத்தாள் என்று சொன்னாளே வீரய்யாவின் பெண்சாதி, அவளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

சின்னத் துரை லேசுப்பட்ட ஆளா, என்னைப் பார்த்து, சரி அப்ப ஏறிக் காட்டு, நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டார். கீழ் ரோட்டிலிருந்து மேல் மலை வரை. நான் அவசரப்படவில்லை, வளைந்து வளைந்து, கம்பை ஊன்றி, என் பாட்டுக்கு ஏறினேன். அவர் குறுக்கே ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது எனக்கு இல்லை, அவருக்கு. கீழே நின்ற பெண்கள் போட்ட கூச்சல் கந்தப்பளை பஜாருக்கே கேட்டிருக்கும். ஆமாம் மகளே, உன் அம்மா கங்காணி. வேலையில் சேர்ந்து இன்றோடு பதினேழு நாள். உன் அப்பா எழுந்து நின்று கங்காணியம்மா தேத்தண்ணி குடிச்சீங்களா என்று கேட்கிறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலி போய்விட்டதா என்றால் போகவில்லை, ஆனால் புது டியூபைச் சொன்ன அளவுக்குப் பூசிப் பத்து நாளில் பாதியாகக் குறைந்திருக்கிறது, இரவில் கால் மடக்கித் தூங்குகிறேன். தோலும் ஆறிவிட்டது, வயிறும் காந்தவில்லை, மிளகாயைப் பழையபடி போட்டாயிற்று.

மற்ற சேதி. கஜேந்திரன் ஹட்டனில் போன் கடையில்தான் இருக்கிறான், கிழமைக்கு ஒரு தடவை வருகிறான், முடியை ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், மிச்சத்தை எப்போது வெட்டுவான் என்று கேட்டேன், கோபித்துக்கொண்டான். அப்பாவின் இருமலுக்குப் புகையிலையை விடச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார், நீ போனில் ஒரு அதட்டல் போடு, உனக்குத்தான் பயப்படுவார். எனக்கு இனி டியூப் அனுப்பாதே, இங்கே எழுதிக் கொடுத்ததே போதும். நீயும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், இடுப்பு வலி என்று யாராவது தோழி கொடுப்பதை வாங்கிப் பூசாதே, குளிசையும் போடாதே, சின்ன எழுத்தைப் படி, டாக்டரிடம் கேள். வலியை மறைக்காதே, என்னிடமாவது சொல்.

கங்காணியாக நான் போட்ட முதல் உத்தரவு என்ன என்று கேட்கவில்லையே நீ. பெரட்டு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒருத்தியும் படங்கு கட்டக் கூடாது. டிஸ்பென்சரியில் காட்டி மருந்து வாங்கியவர்கள் பூசிக் காய விடுவார்கள். பூசக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். காளியாயிக்குப் பிரஷரும் வயிற்றுப் புண்ணும் இருப்பதால் ஜெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவள் மிஸ் சொல்லிக் கொடுத்தபடி விரலை மடக்கி விரிப்பாள். கணக்கப்பிள்ளை முதல் நாள் முணுமுணுத்தார், கொழுந்து குறையவில்லை என்று கண்டதும் பேசாமல் இருக்கிறார். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காளியாயி ஒரு பெயர் வைத்தாள், இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கணக்கப்பிள்ளைகூட. சுலக்ஷனா நேரம். அனுப்பினவ பேர வைக்காம வேற யாரு பேர வைக்கிறது என்கிறாள். சுலக்ஷனா நேரம் முடிஞ்சிருச்சா, படங்க கட்டலாமா என்று கேட்கிறார்கள். நீ இந்த மலையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது, தினமும் காலையில் முப்பத்தோரு பெண்கள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரிஃகானுக்கு அங்கே ஆள் பழக்கம் இல்லை, நம் ஊர்ப் பிள்ளை, ஒரு வேளைச் சோறு போட்டு வழி காட்டிவிடு. தேயிலையில் ஒரு பைக்கட்டு உன் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு. ஆத்தாள் உன்னை நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், நீ எடுக்கிற வேலை எல்லாம் துலங்கட்டும், சீக்கிரம் லீவு கிடைத்து நீ வந்து இறங்கட்டும். கையெழுத்துக்குக் கீழே உத்தியோகத்தையும் எழுது என்று உன் அப்பா பக்கத்தில் நின்று பிடிவாதம் பிடிக்கிறார், எழுதுகிறேன்.

உன் அம்மா,
செ. பூங்காவனம்
கங்காணி, கீழ் டிவிஷன்.